பட்டறை இல்லாத பெட்டி

2013-ஆம் ஆண்டில், உலகில் மிகுதியான எண்ணிக்கையில் தனியாள் கணினிகளை விற்கும் நிறுவனம் என்ற இடத்தை அமெரிக்காவின் எச்.பி.யிடமிருந்து சீனாவின் லெனோவோ கைப்பற்றியது. அதே ஆண்டில், இந்தியாவின் முன்னணிக் கணினித் தயாரிப்பாளராக நெடுங்காலம் விளங்கிய எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ், கணினி செய்யும் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது; அவ்வாண்டு முடிவதற்குள் விப்ரோவும் அதே முடிவுக்கு வந்தது. எச்.சி.எல். 1976-இல் தொடங்கப்பட்டது, லெனோவோவின் மூல நிறுவனம் 1984-இல் தொடங்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், எட்டாண்டு மூத்த நிறுவனம் களத்தை விட்டு வெளியேறிய ஆண்டிலேயே இளைய நிறுவனம் உலகின் முதலிடத்தில் ஏறி அமர்ந்தது என்பது புலனாகும். இதற்கு ஒரு முதலாளியின் திறமைக் குறைவையோ ஒரு நாட்டவரின் அறிவுக் குறைவையோ காரணம் காட்டுவது எளிது; அது உண்மையோடு பொருந்தாது. கணினி என்பது ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைச் சுற்றி இருக்கவேண்டிய நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரு நாட்டில் எழுந்தன, மற்றொரு நாட்டில் எழவில்லை என்பதே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து.

கரிசல் காடும் கண்மாயும் தறியும் நூற்பாலையும் சேர்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தார்க்கு இக்கருத்து அயலானதன்று. அருப்புக்கோட்டைத் தறியிலிருந்து ஒரு சேலை இறங்குவதற்கு நெசவாளர் ஒருவர் மட்டும் போதுவதில்லை. நூல் கொடுக்கும் வியாபாரி, சாயம் காய்ச்சும் பட்டறை, பாவு ஓட்டுபவர், கஞ்சி போடுபவர், தார் சுற்றும் பெண்கள், தறி பழுதானால் வந்து நிற்கும் மேஸ்திரி ஆகிய எல்லாரும் கூப்பிடு தொலைவில் இருந்தால்தான் தறி ஓடும். இவர்களுள் ஒருவர் இல்லாமற்போனால் நெசவாளர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் தறி நின்றுவிடும். ஒரு பொருளைச் செய்வதற்கான துணைத்தொழில்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடியிருக்கும் இந்நிலையைப் பொருளியலார் தொழிற்கொத்து என்பர். எச்.சி.எல்.லின் வரலாறு, தேர்ந்த நெசவாளர் ஒருவர் தொழிற்கொத்து இல்லாத ஊரில் தறி போட்ட வரலாறாகும்.

அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் முதல்வரான சிவ நாடார், 1945-இல் திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழி என்னும் சிற்றூரில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் தில்லியில் டி.சி.எம். குழுமத்தின் கணக்கிடு கருவிப் பிரிவில் பணிபுரிந்தவர். டி.சி.எம். என்பதன் விரிவு தில்லித் துணி ஆலை என்பதாகும். பஞ்சு ஆலைகளின் ஊரில் நின்று பேசும்போது இச்செய்தியைக் கடந்து செல்ல இயலாது: இந்தியத் தனியார் துறையின் தொடக்ககாலக் கணினிப் பொறியாளர்கள் பலர் ஒரு துணி ஆலையின் நிழலில்தான் தொழில் பழகினர். அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி முதலிய உடன் ஊழியர்களோடு அப்பணியை விட்டு வெளியேறிய சிவ நாடார், மைக்ரோகாம்ப் என்ற பெயரில் கணக்கிடு கருவிகளை விற்று, அதில் கிடைத்த ஊதியத்தையும் உத்தரப் பிரதேச அரசு நிறுவனத்தின் பங்கு முதலையும் கொண்டு இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதலெழுத்துகளே எச்.சி.எல்.

காலமும் அவர்களுக்குத் துணைநின்றது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் தம் இந்தியக் கிளைகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என வரையறுத்தது. அதற்கு உடன்படாத ஐ.பி.எம்., ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சராக இருந்த காலத்தில், 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. பிற நாடுகளில் ஓய்வு பெற்றுவிட்ட பழைய கணினிகளைப் புதுக்கி இங்கே வாடகைக்கு விட்டுவந்த நிறுவனம் அது. அதன் வெற்றிடத்தில் எச்.சி.எல்., விப்ரோ, டி.சி.எம். முதலிய உள்நாட்டு நிறுவனங்கள் நுழைந்தன. எச்.சி.எல். தன் முதல் நுண்கணினியாகிய 8சி என்பதை 1978-இல் வெளியிட்டது, ஐ.பி.எம்.மின் புகழ்பெற்ற தனியாள் கணினி வெளிவந்தது 1981 ஆகஸ்டில்தான். 1980களின் முடிவில், பல சில்லுகளை ஒருசேர இயக்கி யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில் வேலை செய்யும் மேக்னம் வரிசைக் கணினியை அந்நிறுவனம் உருவாக்கியிருந்தது. இவை வெளிநாட்டுக் கணினியின் மேல் பெயர்ப்பலகை மாற்றி ஒட்டிய வேலைகள் அல்ல. மின்சுற்றுப் பலகையை வரைந்தது முதல் இயக்க முறைமையைப் பொருத்தியது வரை இந்தியப் பொறியாளர்களின் கைவேலை. அறிவில் குறை இருக்கவில்லை என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டா.

குறை வேறிடத்தில் இருந்தது. சில்லு வெளிநாட்டிலிருந்து வந்தது. நினைவகமும் வன்தட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தன. பலகையில் பொருத்தும் சிறு பாகங்களிற் பலவும் அவ்வாறே. சில்லு என்பது மணலிலிருந்து பிரித்தெடுத்த சிலிக்கன் தகட்டின் மேல் நுண்ணிய மின்சுற்றுகளை அடுக்கடுக்காகப் பதித்துச் செய்யும் பொருள். அதைச் செய்யும் தூய அறைகளும் கருவிகளும் பெருஞ்செலவும் பல்லாண்டுப் பழக்கமும் வேண்டுவன. அரசு இதை அறியாமலில்லை. மொகாலியில் அரசு நிறுவிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது; தைவானின் டி.எஸ்.எம்.சி. தோன்றியதே 1987-இல்தான். ஆனால் மொகாலி ஆலை 1989 பிப்ரவரியில் தீக்கிரையானது. அதன்பின் மீண்டெழுவதற்குப் பல்லாண்டுகள் பிடித்தன, உலகம் அதற்குள் நெடுந்தொலைவு சென்றுவிட்டது. ஒரேயொரு ஆலை எரிந்ததும் ஒரு நாட்டின் சில்லுத் தொழில் முழுவதும் நின்றுபோயிற்று என்றால், அந்நாட்டில் இருந்தது தொழில் அன்று, தனி ஆலை ஒன்றே என்பது பொருள். தைவானில் ஓர் ஆலை எரிந்திருந்தால் அடுத்த தெருவில் மற்றொன்று இருந்திருக்கும்.

அக்காலத்து இந்தியக் கொள்கையை விளக்குவதற்கு இவ்வட்டாரத்துக் கண்மாயைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பதரிது. குண்டாற்றுப் படுகையில் ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்தாகும் வகையில் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்துள்ளன. வரத்துக்கால் தூர்ந்து கிடக்கக் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் உயரமான கரைக்குள் வெறும் பொட்டலே மிஞ்சும். இறக்குமதி வரி என்னும் கரை இந்தியாவில் உயரமாகவே இருந்தது. பாகம் செய்யும் பட்டறை, அச்சுவார்ப்பு செய்யும் பட்டறை, கருவி செய்யும் பட்டறை என்னும் வரத்துக்கால்கள் தூர்வாரப்படவில்லை. 1991-க்குப் பின் கரை படிப்படியாகத் தாழ்த்தப்பட்டது. உலக வணிக அமைப்பின் கீழான தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் சேர்ந்தது. கணினி முதலிய பொருள்களின் மீதான சுங்க வரியை உறுப்பு நாடுகள் அறவே நீக்கிவிட வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் சாரம். இந்தியா அதை 2005-க்குள் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. முழுதாகச் செய்யப்பட்ட கணினி வரியின்றித் துறைமுகத்தில் இறங்க, அதை உள்நாட்டில் செய்ய முனைபவர் இரும்புத் தகட்டுக்கும் நெகிழிக்கும் மின்சாரத் தடைக்கும் மாநிலம் தாண்டும் வரிக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. சீனாவும் 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்து, 2003-இல் அதே உடன்படிக்கையில் இணைந்தது என்பதைக் கருதும்போது, உடன்படிக்கையின் மீது மட்டும் பழிபோடுவது முறையாகாது. கரை இரு நாடுகளிலும் தாழ்ந்தது. தாழ்ந்தபோது ஒன்றின் வரத்துக்கால்களில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

எச்.சி.எல். இந்நிலையில் செய்தவை புரிந்துகொள்ளத்தக்கவையே. 1991-இல் எச்.பி.யோடு கூட்டுச் சேர்ந்து, 1997-இல் அக்கூட்டை முடித்துக்கொண்டது. புதுச்சேரியிலும் உத்தராகண்டிலும் பொருத்து ஆலைகளை நடத்தியது. பொருத்துதல் என்பது வெளியிலிருந்து வந்த பாகங்களை ஒரு பெட்டிக்குள் இணைத்து, சோதித்து, அனுப்பும் வேலை. அதில் மிஞ்சும் ஊதியம் மிகச் சிறிது. சென்னை ரிச்சி தெருவிலும் மதுரைக் கடைகளிலும் பாகங்களை வாங்கி இளைஞர்கள் சேர்த்துக்கொடுத்த ‘அசெம்பிள்டு’ கணினி அந்தச் சிறிய ஊதியத்தையும் அரித்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சிற்றூர்களின் தட்டச்சுப் பயிலகங்களிலும் இணைய மையங்களிலும் நுழைந்த கணினிகளிற் பல அத்தகையவை. எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ் நோக்கியா கைப்பேசிகளை நாடெங்கும் விநியோகிக்கும் வணிகத்தில் பெருவருவாய் ஈட்டி, தன் பெயர் பொறித்த கணினியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. நோக்கியா சரிந்தபோது அந்தத் தூணும் சரிந்தது. அதேவேளை, தனி நிறுவனமாகப் பிரிந்து மென்பொருள் சேவையில் இறங்கிய எச்.சி.எல். டெக்னாலஜீஸ் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட உலக நிறுவனம். ஆகவே முதலாளிக்கு இழப்பு ஏதுமில்லை. கணினி செய்வோர் என்னும் ஒரு தொழில் வகுப்பை இழந்தது நாடு.

லெனோவோவின் தொடக்கத்தை நோக்கினால் அதில் வியப்பூட்டும் மேன்மை எதுவும் தென்படாது. சீன அறிவியல் கழகத்தின் கணினித் தொழில்நுட்ப நிலையம் 2 லட்சம் யுவான் கொடுத்து, லியூ சுவான்ஷி முதலிய 11 பேரை ஒரு காவலர் அறை அளவிலான இடத்தில் 1984-இல் அமர்த்தியது; அவர்களின் முதல் வணிக முயற்சிகள் தோற்றன. நீ குவாங்நான் என்னும் அறிவியலாளர் உருவாக்கிய சீன எழுத்து அட்டையே, அதாவது ஆங்கிலக் கணினியில் சீன எழுத்துகளைக் கையாள உதவும் மின்சுற்றுப் பலகையே, அவர்களைக் காப்பாற்றியது. நிறுவனத்தின் பழைய பெயராகிய லெஜெண்ட் என்பதும் அதனோடு சேர்ந்து பரவியது. பிற நாட்டுக் கணினிகளை விற்றுக் கிடைத்த பணத்தில் 1990-இல் சொந்தக் கணினியைக் கொண்டுவந்தனர். 1990களின் நடுவில் இந்நிறுவனத்துக்குள் நடந்த வாதம் இன்றளவும் சீனாவில் பேசப்படுவது: சொந்தச் சில்லை வடிவமைக்க வேண்டும் என்றார் நீ குவாங்நான், முதலில் வணிகம், பின்பு உற்பத்தி, அதன்பின் தொழில்நுட்பம் என்றார் லியூ. லியூவே வென்றார், 1995-இல் நீ குவாங்நான் தலைமைப் பொறியாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2005-இல் 125 கோடி டாலர் விலையில் ஐ.பி.எம்.மின் தனியாள் கணினிப் பிரிவையே லெனோவோ வாங்கியபோது லியூவின் வழியே சரி என்று உலகம் கருதியது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஊன்றிக் காணவேண்டும். லியூ தேர்ந்த வழியும் எச்.சி.எல். தேர்ந்த வழியும் பெரிதும் ஒன்றே. இரண்டும் வணிகத்தை முன்வைத்தன. இரண்டும் பிறருடைய சில்லையும் பிறருடைய இயக்க முறைமையையும் நம்பின. இரண்டும் பிற நிறுவனங்களின் பொருளை விநியோகித்துப் பொருளீட்டின. வேறுபாடு நிறுவனங்களுக்குள் இல்லை, அவற்றைச் சூழ்ந்த மண்ணில் இருந்தது. 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக்கப்பட்ட ஷென்சென்னில் தைவானின் ஃபாக்ஸ்கான் 1988-இல் கால் வைத்தது. 2001-இல் தைவான் அரசு தடை நீக்கியதும் மடிக்கணினி ஆலைகள் அடுத்தடுத்து யாங்சி ஆற்று முகத்துவாரப் பகுதிக்கு, குன்ஷான், சூஜோ, ஷாங்காய் ஆகிய நகர்களைச் சுற்றிப் பெயர்ந்தன. அவற்றின் பின்னால் அவற்றுக்குத் திருகாணியும் கீலும் விசைப்பலகையும் கம்பிவடமும் செய்து கொடுத்த நூற்றுக்கணக்கான சிறு தொழிலகங்களும் பெயர்ந்தன. உள்ளூர் ஆட்சிகள் நிலமும் மின்சாரமும் சாலையும் கொடுத்தன. சில ஆண்டுகளுக்குள் உலகின் மடிக்கணினிகளில் பெரும்பங்கு அங்கிருந்தே புறப்பட்டது. லெனோவோவுக்குத் தேவையான எந்தப் பாகமும் ஒரு நாள் லாரிப் பயணத்துக்குள் கிடைத்தது; புதுச்சேரியிலிருந்த எச்.சி.எல். ஆலைக்கு அதே பாகம் கப்பலில் வந்து, துறைமுகத்தில் காத்திருந்து, சுங்கம் கடந்து வரவேண்டியிருந்தது.

இவ்வெழுச்சிக்குச் சீனத் தொழிலாளர் கொடுத்த விலை பெரிது. சொந்த ஊரில் குழந்தைகளை விட்டுவிட்டு விடுதிகளில் அடைபட்டு உழைத்த கோடிக்கணக்கான இளையோர், 2010-இல் ஷென்சென் ஆலை விடுதிகளில் அடுத்தடுத்து நேர்ந்த தற்கொலைகள் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாமல் சீனாவைப் பின்பற்றச் சொல்வது அறமாகாது.

தைவானின் ஏசர் நிறுவனர் ஸ்டான் ஷி 1990களின் தொடக்கத்தில் புன்னகைக் கோடு என்றொரு கருத்தை முன்வைத்தார். ஒரு பொருளின் வடிவமைப்பும் காப்புரிமையும் ஒரு முனையில், பெயரும் விற்பனையும் மறுமுனையில், இடையே உற்பத்தி என்று வரைந்து, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் மதிப்பைப் புள்ளியிட்டால் இருமுனைகளும் உயர்ந்தும் நடு தாழ்ந்தும் சிரிக்கும் வாயைப் போன்ற கோடு கிடைக்கும் என்பது அது. 2010-ஆம் ஆண்டின் ஐஃபோனைப் பிரித்தாய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அதன் விற்பனை விலையில் சீனத் தொழிலாளர் கூலியாகச் சென்றது 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டனர். இதைக் காட்டி, தாழ்ந்த நடுப்பகுதியைச் சீனா வைத்துக்கொள்ளட்டும், இந்தியா நேரே மென்பொருள் என்னும் உயர்முனைக்குத் தாவிவிடும் என்று பலர் எழுதினர். அவ்வெழுத்து பிழையானது. கோட்டின் நடுப்பகுதி ஊதியத்தில் தாழ்ந்தது, கற்பிப்பதில் உயர்ந்தது. திருகாணி செய்தவர் அச்சுவார்ப்பைக் கற்றார். அச்சுவார்ப்பைக் கற்றவர் அதைச் செய்யும் எந்திரத்தைக் கற்றார். எந்திரம் செய்யக் கற்றவருடைய பிள்ளைகள் மின்கலமும் மின்வாகனமும் செய்யத் தொடங்கினர்.

விருதுநகர் மாவட்டத்தார் இதைச் சீனாவுக்குச் சென்று கற்கவேண்டியதில்லை. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் பழகி வந்தனர். தீப்பெட்டிக்கு மேலொட்டும் சீட்டு வேண்டியிருந்தது. அச்சீட்டுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்தபின் நாட்காட்டியும் குறிப்பேடும் வந்தன. அவற்றுக்காக மையும் தாள்வெட்டும் கட்டும் பட்டறைகளும் வந்தன. அச்செந்திரத்தைப் பழுதுபார்க்கப் பழகியவர்கள் தோன்றினர். மழையும் ஆறும் கைவிட்ட ஒரு வறண்ட ஊர், இந்தியாவின் பெரிய அச்சு மையங்களுள் ஒன்றாயிற்று. குழந்தைத் தொழிலாளர், வெடிவிபத்து என்னும் கறைகளை மறைக்காமலே இதைச் சொல்லலாம்: சிவகாசி புன்னகைக் கோட்டின் அடியில் தொடங்கி, அடியிலிருந்தே ஏறியது. ஒரு தீக்குச்சியில் எவ்வளவு ஊதியம் மிஞ்சும் என்று கணக்கிட்டு அன்றைக்கு அத்தொழிலை ஒதுக்கியிருந்தால் அச்சுத் தொழிலும் வந்திராது.

சீனாவின் தொழில்நுட்ப எழுச்சி இப்போது லெனோவோவையும் ஓரளவு பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பது இக்கதையின் அடுத்த திருப்பம். உலகில் விற்கும் தனியாள் கணினிகளில் ஏறத்தாழக் காற்பங்கு இன்றும் லெனோவோவினுடையதே. எனினும் அவற்றின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் சில்லுகளும் மைக்ரோசாஃப்டின் விண்டோஸும். 2018 ஏப்ரலில் இசட்.டி.இ. என்னும் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குச் சில்லு விற்க அமெரிக்கா தடைவிதித்ததும் அந்நிறுவனத்தின் வேலைகள் முடங்கின. அப்போது நீ குவாங்நானுடைய பழைய வாதம் சீன மக்களிடையே மீண்டும் எழுந்தது. 1987-இல் தொடங்கப்பட்டு, தன் வருவாயில் கணிசமான பகுதியை ஆய்வில் செலவிட்டுவந்த ஹுவாவே 2019 மே மாதத்தில் அதுபோன்ற தடைக்கு உள்ளாகியும் வீழவில்லை. 2023 ஆகஸ்டில் சீனாவிலேயே எஸ்.எம்.ஐ.சி. ஆலையில் செய்யப்பட்ட சில்லுடன் கைப்பேசியையும், 2025-இல் ஹார்மனி என்னும் சொந்த இயக்க முறைமையுடன் மடிக்கணினியையும் வெளியிட்டது. சீனாவின் பெருமை என்று 2005-இல் சுட்டப்பட்ட நிறுவனம் லெனோவோ. இன்று சுட்டப்படுவது ஹுவாவே. பெட்டி செய்பவரின் மதிப்பு எந்த நாட்டிலும் நிலைத்து நிற்பதில்லை. ஆனால் பெட்டி செய்பவருக்குப் பாகம் கொடுத்த பட்டறைகள் நிலைத்தன, அவற்றின் தோளில்தான் ஹுவாவே நின்றது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய பட்டறைகளை எழுப்ப ஒரு வாய்ப்பு வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், ஏறத்தாழ ஒன்பதாண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில், வானம் பார்த்த சாகுபடியையும் கரிமூட்டத்தையும் ஆலைக்கூலியையும் நம்பி வாழும் வீடுகளின் பிள்ளைகள் கையில் கணினி வந்து சேர்ந்தது, சமூக நீதி வரலாற்றில் எழுதத்தக்க செய்தி. அதன் அருமையை எவ்வகையிலும் குறைத்துச் சொல்ல முடியாது. அக்கருவிகளின் மூடியில் பொறித்திருந்த பெயர்களோ தொழில் வரலாற்றைக் காட்டுவன: தொடக்க ஆண்டுகளில் எச்.சி.எல். பெயரும் இருந்தது, பிந்திய ஆண்டுகளில் லெனோவோ, ஏசர் போன்ற பெயர்களே கண்ணிற்பட்டன. 50 லட்சம் மடிக்கணினி என்பது ஒரு மின்சுற்றுப் பலகை ஆலையையும் ஒரு மின்கலப் பொருத்து ஆலையையும் தமிழ்நாட்டிலேயே எழுப்பப் போதுமான கொள்முதல். ஆண்டுதோறும் இத்தனை பங்கு பாகம் மாநிலத்துக்குள் செய்யப்பட வேண்டும், அடுத்த ஆண்டு அப்பங்கு உயரவேண்டும் என்று கொள்முதலையே ஒரு தொழிற்கொள்கையாக வடிவமைத்திருந்தால், 2013-இல் எச்.சி.எல். விலகியபோது புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே அதன் இடத்தை நிரப்ப வேறு சிலர் எழுந்திருக்கக்கூடும். அவ்வாறு எதுவும் எழவில்லை. 2025 மார்ச்சில் தாக்கலான மாநில நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. வாய்ப்பு இரண்டாம் முறையாக வாயிற்படிக்கு வந்திருக்கிறது.

ஒன்றிய அரசு 2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று திடீரென அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அதை ஒரு பதிவு முறையாகத் தளர்த்தியது. இது மீண்டும் கரையை உயர்த்தும் வேலை. அதே ஆண்டு மே மாதத்தில் கணினி வன்பொருள் உற்பத்திக்கு 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கப்பட்டது; அது ஓரளவு வரத்துக்காலைத் தொடுவது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024-25-இல் 1,465 கோடி டாலராக உயர்ந்து, இந்திய மின்னணு ஏற்றுமதியில் 41 விழுக்காட்டுக்கு வந்துள்ளது. ஸ்ரீபெரும்புதூரில் ஐஃபோன் பொருத்தும் பெண்களில் பலர் தென்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து சென்றவர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி அவர்களுக்காகவே திறக்கப்பட்டது. ஆனால் 2025-இன் நடுவில் அவ்வாலைகளில் பணிபுரிந்த சீனப் பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வெளியானபோது, ஆலை இங்கே இருந்தாலும் ஆலையை அமைக்கும் அறிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பது வெளிப்பட்டது. பொருத்தும் கை தமிழ்நாட்டுப் பெண்ணுடையது. அந்தக் கை பிடிக்கும் கருவியைச் செய்யும் பட்டறை ஷென்சென்னில் இருக்கிறது.

எச்.சி.எல்.லும் மீண்டும் வன்பொருளை நோக்கித் திரும்பியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜேவரில் அக்குழுமமும் ஃபாக்ஸ்கானும் சேர்ந்து 3,706 கோடி ரூபாயில் சில்லு ஆலை அமைக்க 2025 மே மாதத்தில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது; கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் திரையை இயக்கும் சில்லுகள் அங்கே செய்யப்படும். கணினியைச் செய்து, கைவிட்டு, தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அதன் திரைச் சில்லிலிருந்து மீண்டும் தொடங்கும் இம்முயற்சி வரவேற்கத்தக்கது. காலம் தாழ்ந்தது என்பதும் மெய். தென்மாவட்டங்களை எச்.சி.எல். தொடுவது மதுரை இலந்தைகுளத்து மென்பொருள் வளாகத்தின் வழியாகவும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை 2017 முதல் பயிற்சியளித்து வேலைக்கு எடுக்கும் டெக்பீ திட்டத்தின் வழியாகவும். திருச்சுழியிலிருந்து ஓர் இளைஞர் அங்கே சென்றால் அவர் நிரல் எழுதக் கற்பார். மின்சுற்றுப் பலகையைத் தொட வாய்ப்பு குறைவு.

ஆகவே இவ்வட்டாரத்தில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்கு ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் தேவையில்லை. பள்ளியில் பெற்ற மடிக்கணினிகளிற் பல, மின்கலம் செத்தும் கீல் ஒடிந்தும் திரை மங்கியும் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. இவ்வட்டாரத்துக் கலைக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் அவற்றைத் திரட்டி, திருகாணி திருகாணியாகப் பிரித்து, பலகையைப் படித்து, பற்றவைத்து, மின்கலத்தை மாற்றி, ஒடிந்த கீலுக்கு அச்சுவார்த்து, மீண்டும் இயங்கச் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்க வேண்டும். தறி மேஸ்திரிகளும் ஆலைப் பொறியாளர்களும் அங்கே வந்து தம் கைத்திறனைக் கற்பிக்க வேண்டும். புதிதாகப் பெறும் கணினியைத் திறந்து பார்க்கும் துணிவை மாணவர்களுக்கு ஆசிரியர்கள் கொடுக்க வேண்டும். வரும் கல்வியாண்டுக்குள் அருப்புக்கோட்டையில் ஓர் அறையும் நான்கு மேசைகளும் ஒதுக்கினால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.